முடிவிலாக் கூட்டலும் முடிவான விடையும்

ஒரு வினாவிலிருந்து இப்பேச்சைத் தொடங்குகிறோம். அது எம் வினா அன்று. பள்ளியிற் பயிலும் எம் மகளின் வினா. டில்லி மாநகரில் ஒரு நாள் மாலை, கணக்குப் புத்தகத்தை விரித்துக்கொண்டு அவள் எம்மிடம் வந்தாள். ஒன்றிற் பாதி, அதிற் பாதி, அதிலும் பாதி என்று முடிவின்றிக் கூட்டிக்கொண்டே சென்றால் வரும் தொகை யாது என்பது கணக்கு. விடை 1 என்று புத்தகத்தின் இறுதியில் அச்சிட்டிருந்தது.

நம் முன்னோர்க்கு இப்பின்னங்கள் அயலானவை அல்ல. ஒன்றிற் பாதி அரை. அரையிற் பாதி கால். காலிற் பாதி அரைக்கால். அரைக்காலிற் பாதி வீசம். வீசத்திற் பாதி அரைவீசம். எண்சுவடி படித்த தலைமுறையினர்க்கு இப்பெயர்கள் நாவிலேயே நின்றன. வேற்று மாநிலத்தில் வளரும் எம் மகளுக்கு இவற்றைச் சொல்லிக் கொடுத்தோம். அவளும் ஆவலுடன் கேட்டாள். பிறகு சற்றே நின்று வினவினாள்:

"அப்பா, அரையும் காலும் முக்கால். அரைக்காலும் சேர்ந்தால் முக்காலே அரைக்கால். இன்னும் ஒன்று ஆகவில்லை. எத்தனை முறை கூட்டினாலும் கொஞ்சம் குறைவாகவே இருக்கிறதே! முடிவே இல்லாத கூட்டலை யார் கூட்டி முடித்து, ஒன்று என்று கண்டுபிடித்தார்கள்?"

அலுவலகத்திலிருந்து களைத்து வந்த நேரம். "அது சூத்திரம், அம்மா. மனப்பாடம் செய்துகொள்" என்று கூறிவிட்டோம். அவள் மறுமொழி சொல்லவில்லை. ஏட்டை மூடிக்கொண்டு எழுந்து சென்றாள். மனப்பாடம் செய்யச் சொன்னவர்க்கே விடை தெரியாது என்பதைக் குழந்தைகள் எளிதில் உணர்ந்துகொள்ளுகிறார்கள். கணக்கு என்பது பெரியவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்ளும் கலை என்ற எண்ணம் அவள் உள்ளத்தில் வேரூன்ற நாமே காரணமாகிவிடுவோமோ என்ற அச்சம் அன்றிரவு எம்மை வருத்தியது. கலைப் பாடங்களைப் பயின்று, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம், பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கணித நூல்களைப் புரட்ட நேர்ந்தது இவ்வாறுதான்.

புரட்டியபோது ஒரு வியப்பு எமக்குக் காத்திருந்தது. எம் மகள் கேட்ட வினாவை, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், நமக்கு அண்டையிலுள்ள கேரள நாட்டில் ஒருவர் கேட்டிருந்தார். கேட்டதோடு நில்லாமல் விடையும் எழுதி வைத்திருந்தார். அவர் பெயர் நீலகண்ட சோமயாஜி. 1444ஆம் ஆண்டு பிறந்தவர். பாரதப்புழை என்றும் நிளா என்றும் வழங்கும் ஆற்றின் கரைப் பகுதியில், இன்றைய திரூரைச் சார்ந்த திருக்கண்டியூரில் வாழ்ந்தவர். மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் எழுத்தச்சனின் நினைவிடமாகிய துஞ்சன் பறம்பும் இவ்வூரை அடுத்ததே. ஷோறனூர் வழியாகக் கோழிக்கோட்டுக்கு இரயிலிற் செல்லும் நேயர்கள் திரூர் நிலையத்தைக் கண்டிருப்பார்கள்.

ஆரியபட்டீயத்துக்கு எழுதிய உரையில் நீலகண்டர் எடுத்துக்கொண்ட தொடர், காற்பங்குகளின் தொடர். ஒன்றிற் கால், அதிற் கால், அதிலும் கால் என்று முடிவின்றிக் கூட்டினால் மூன்றில் ஒரு பங்கு வரும் என்பது விடை. அவர் இவ்விடையை வெறுமனே கூறிவிடவில்லை. இரு ஐயங்களை எழுப்புகிறார். இத்தொகை அவ்வளவுக்கு மேல் வளராது என்பது எங்ஙனம் தெரியும்? அவ்வளவு வரை வளர்ந்தே தீரும் என்பதுதான் எங்ஙனம் தெரியும்? முடிவிலாத் தொடரைப் பற்றி அறிவுடையார் எவரும் கேட்கவேண்டிய வினாக்கள் இவ்விரண்டே.

அவர் காட்டும் வழியை நம் சொற்களில் கூறுவோம். மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்க. அது பன்னிரண்டில் நான்கு. அதிலிருந்து காற்பங்கை, அதாவது பன்னிரண்டில் மூன்றை, நீக்குக. எஞ்சுவது பன்னிரண்டில் ஒன்று. இந்த எச்சம் யாது? நாம் முதலில் எடுத்த மூன்றில் ஒரு பங்கின் காற்பங்கே அது. அடுத்து, தொடரின் இரண்டாம் உறுப்பாகிய பதினாறில் ஒன்றை நீக்குக. எஞ்சுவது நாற்பத்தெட்டில் ஒன்று. இதுவும் முந்திய எச்சத்தின் காற்பங்கே. இவ்வாறே ஒவ்வொரு படியிலும் எச்சம் காற்பங்காகச் சுருங்குகிறது. எச்சம் என்றும் இருப்பதால் தொகை மூன்றில் ஒன்றைத் தாண்டுவதில்லை. எச்சம் எல்லையின்றிச் சுருங்குவதால் தொகை மூன்றில் ஒன்றுக்குக் கீழே வேறெங்கும் நின்றுவிடுவதும் இல்லை. இரு ஐயங்களும் ஒருங்கே நீங்கின.

கிரேக்க நாட்டு ஆர்க்கிமிடீஸ், கிறிஸ்து பிறப்பதற்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், பரவளைவின் பரப்பைக் காணும்போது இதே காற்பங்குத் தொடரைக் கையாண்டிருக்கிறார். நாடும் மொழியும் வேறாயினும் உண்மை ஒன்றே அன்றோ?

இப்போது எம் மகளின் தொடருக்கு வருவோம். அரை கூட்டினால் எஞ்சுவது அரை. காலும் கூட்டினால் எஞ்சுவது கால். அரைக்காலும் கூட்டினால் எஞ்சுவது அரைக்கால். கடைசியாக எதைக் கூட்டினோமோ அதுவே எச்சம். பதினேழு உறுப்புகளைக் கூட்டினால் எச்சம் ஒன்றில் இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைவு. இருபத்து நான்கு உறுப்புகளைக் கூட்டினால் கோடியில் ஒரு பங்கினும் குறைவு. நீங்கள் எத்துணைச் சிறிய அளவைச் சொன்னாலும், எச்சம் அதனினும் சிறியதாகிவிடும் இடம் ஒன்று உண்டு. அதற்குப் பின் என்றும் சிறியதாகவே இருக்கும். முடிவிலாத் தொடரின் தொகை ஒன்று என்பதற்குப் பொருள் இவ்வளவுதான். கூட்டி முடித்தவர் எவரும் இலர். கூட்டி முடிக்க வேண்டுவதும் இல்லை. எஞ்சியது எவ்வளவு என்று கணக்குக் கொடுக்க வல்லவரே தொகையைக் கண்டவர் ஆவர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போனால் போதும், தொகை ஓரிடத்தில் நின்றுவிடும் என்று எண்ணிவிடலாகாது. ஒன்று, இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று செல்லும் தொடரைப் பாருங்கள். இதன் உறுப்புகளும் சிறுத்துக்கொண்டேதான் போகின்றன. ஆனால் மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் அரையினும் மிகுதி. அடுத்த நான்கு உறுப்புகள் சேர்ந்தாலும் அரையினும் மிகுதி. அதற்கடுத்த எட்டு உறுப்புகள் சேர்ந்தாலும் அவ்வாறே. இப்படி அரை அரையாக முடிவின்றிச் சேர்ந்துகொண்டே இருக்குமாயின் தொகைக்கு எல்லை ஏது? பதினான்காம் நூற்றாண்டிலேயே பிரான்சு நாட்டு நிக்கோல் ஓரேம் என்பார் இவ்வழியால் இதனை நிறுவினார்.

இத்தொடர் வளரும் வேகமோ மிகமிகக் குறைவு. தொகை 10ஐத் தாண்ட 12,367 உறுப்புகள் வேண்டும். 20ஐத் தாண்ட 27 கோடியே 24 இலட்சத்து 600 உறுப்புகள் வேண்டும். பொறுமையுடன் கூட்டிப் பார்க்கும் ஒருவர், இது எங்கோ நின்றுவிடப் போகிறது என்றே ஏமாந்துவிடுவார். வெறுங் கூட்டல் உண்மையைக் காட்டாது. காரணத்தை ஆராய்ந்தால்தான் உண்மை புலப்படும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இனி, கேரள நாட்டு அறிஞர்கள் செய்த அருஞ்செயலுக்கு வருவோம். அவர்கள் தேடியது வட்டத்தின் சுற்றளவு. வானத்துக் கோள்களின் நிலையையும் கிரகண காலத்தையும் நுட்பமாகக் கணிக்க வேண்டியவர்களுக்கு, விட்டத்துக்கும் சுற்றளவுக்கும் உள்ள விகிதம் இன்றியமையாதது. 499ஆம் ஆண்டில் ஆரியபடர், 20,000 விட்டமுள்ள வட்டத்துக்கு 62,832 சுற்றளவு என்று கூறினார். அதாவது விட்டத்தைப் போல் 3.1416 மடங்கு. இது அண்மைய மதிப்பே என்பதையும் அவரே குறித்துவிட்டார். உண்மை மதிப்பைக் கூறாமல் அண்மைய மதிப்பைக் கூறியது ஏன் என்று நீலகண்டர் தம் உரையில் வினவி, விட்டத்தை மீதியின்றி அளக்கும் எந்த அளவுகோலாலும் சுற்றளவை மீதியின்றி அளத்தல் இயலாது என்று விடை தருகிறார். ஐரோப்பாவில் லாம்பர்ட் என்னும் அறிஞர் இதனை நிறுவிக் காட்டியது 1761ஆம் ஆண்டில்.

மீதியின்றி அளக்க இயலாத ஒன்றை எண்ணால் கூறுவது எப்படி? முடிவிலாத் தொடரால் கூறலாம். இதனைக் கண்டவர் சங்கமகிராமத்து மாதவர். பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் பிறந்து பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை வாழ்ந்தவர். சங்கமகிராமம் என்பது திருச்சூருக்கு அண்மையிலுள்ள இரிஞ்ஞாலக்குடாவே என்பது மரபு. மாதவரின் மாணவர் பரமேசுவரர். அவர் மகனும் மாணவருமானவர் தாமோதரர். தாமோதரரின் மாணவர்களே நீலகண்டரும் ஜேஷ்டதேவரும். தொடர்களைப் பற்றி மாதவர் எழுதிய நூல் எதுவும் நமக்குக் கிடைத்திலது. இவ்வழி வந்த மாணவர்கள், இது மாதவர் கண்டது என்று பெயர் குறித்துப் போற்றி வைத்தமையாலேயே அவர் பெருமையை நாம் இன்று அறிகிறோம்.

மாதவர் கண்ட தொடர் இது: விட்டத்தை நான்கால் பெருக்கி வைத்துக்கொள்க. அதிலிருந்து அதன் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்க. ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டுக. ஏழில் ஒரு பங்கைக் கழிக்க. ஒன்பதில் ஒரு பங்கைக் கூட்டுக. ஒற்றைப்படை எண்கள் வரிசையாக வர, கூட்டலும் கழித்தலும் மாறி மாறி முடிவின்றிச் செல்லுமாயின் வட்டத்தின் சுற்றளவு கிடைக்கும். வட்டத்துக்கும் ஒற்றைப்படை எண்களுக்கும் என்ன உறவு என்று வியக்காதார் யார்?

அவ்வுறவை விளக்கும் வழி ஜேஷ்டதேவரின் நூலில் உள்ளது. அதன் சாரத்தை மட்டும் கூறுவோம். ஆரம் 1 ஆகவுள்ள ஒரு வட்டத்தையும், அதனைச் சூழ்ந்து தொட்டு நிற்கும் ஒரு சதுரத்தையும் மனத்தில் வரைந்துகொள்க. சதுரத்தின் ஒரு பக்கத்தில், நடுவிலிருந்து மூலை வரை உள்ள நீளம் ஆரத்துக்குச் சமம். அந்நீளத்தை மிகப் பல சமக் கூறுகளாக்கி, ஒவ்வொரு பிரிவிடத்தையும் வட்டத்தின் மையத்தோடு கோட்டால் இணைக்க. அக்கோடுகள், சுற்றளவில் எட்டில் ஒரு பகுதியாகிய வில்லைச் சிறு சிறு துண்டுகளாக அறுக்கும். ஒரு துண்டின் நீளம் வேண்டுமாயின், சதுரப் பக்கத்தின் கூறு ஒன்றை ஓர் எண்ணால் வகுக்கவேண்டும். பக்கத்தின் நடுவிலிருந்து அக்கூறு நிற்கும் தூரத்தின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் வருவதே அவ்வெண்.

இவ்வகுத்தலை நேரே செய்யாமல், படிப்படியாகத் திருத்திச் செய்கிறார்கள். முதலில் கூறு முழுவதையும் எடுத்துக்கொள்வது; அது மிகையாதலின் வர்க்கத்தின் அளவுக்குக் குறைப்பது; அக்குறைப்பும் மிகையாதலின் வர்க்கத்தின் வர்க்கத்தால் நிரப்புவது; இவ்வாறே மேலும் மேலும். நீலகண்டரின் காற்பங்குத் தொடரில் ஒவ்வொரு உறுப்பும் முந்தியதன் காற்பங்காக வந்தது போல, இங்கு ஒவ்வொரு திருத்தமும் முந்தியதை வர்க்கத்தால் பெருக்க வருகிறது. இரண்டும் ஓர் இனத் தொடர்களே. பின்னர் எல்லாத் துண்டுகளையும் ஒருசேரக் கூட்டுகிறார்கள். கூறுகள் எல்லையின்றிச் சிறுக்குமாயின் வர்க்கங்களின் கூட்டல் மூன்றில் ஒன்றைத் தரும். வர்க்கங்களின் வர்க்கங்களது கூட்டல் ஐந்தில் ஒன்றைத் தரும். அடுத்தது ஏழில் ஒன்றைத் தரும். ஒற்றைப்படை எண்கள் வந்த வழி இதுவே.

தொடர் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு பெருங்குறை. இது ஆமை நடை நடக்கும் தொடர். விட்டம் 1 என்று கொண்டு கூட்டிப் பாருங்கள். முதல் உறுப்பு 4. மூன்றில் ஒன்றைக் கழித்தால் 2.6667. ஐந்தில் ஒன்றைக் கூட்டினால் 3.4667. ஏழில் ஒன்றைக் கழித்தால் 2.8952. ஊஞ்சல் போல மேலும் கீழும் ஆடுகிறதேயன்றி எளிதில் அமைவதில்லை. பத்து உறுப்புகளைக் கூட்டிய பின்னும் தொகை 3.0418தான். ஆரியபடர் அறிந்த மதிப்புக்குக் கூட இது அருகில் வரவில்லை.

மாதவரின் நுண்ணறிவு ஒளிவிடும் இடம் இதுவே. கூட்டலை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, எஞ்சிய முடிவிலாப் பகுதி ஏறத்தாழ எவ்வளவு என்று கணித்துச் சேர்த்துவிடலாமே என்று அவர் மரபினர் எண்ணினர். அந்தத் திருத்தத்தைக் கண்ட வழி மிக எளியது. எண்ணுந்தோறும் இன்பம் தருவது. தொடரை ஓர் உறுப்புக்கு முன் நிறுத்தித் திருத்தினாலும், அவ்வுறுப்புக்குப் பின் நிறுத்தித் திருத்தினாலும், விடை ஒன்றாகவே இருக்கவேண்டும் அன்றோ? ஆகவே முன் திருத்தமும் பின் திருத்தமும் சேர்ந்தால் இடையிலுள்ள அந்த உறுப்புக்குச் சமமாகவேண்டும். இஃதொன்றே அவர்கள் கைக்கொண்ட உரைகல்.

எடுத்துக்காட்டாக, விட்டத்தின் நான்கு மடங்கையே ஒன்றாகக் கொண்டு, ஒன்பதில் ஒன்று என்னும் உறுப்பைப் பாருங்கள். நிறுத்திய ஒற்றைப்படை எண்ணுக்கு அடுத்த இரட்டைப்படை எண்ணை இரட்டித்து, அதனால் ஒன்றை வகுத்தால் வருவது திருத்தம் என்று வைத்துக்கொள்வோம். ஏழில் நிறுத்தினால் அடுத்தது எட்டு; திருத்தம் பதினாறில் ஒன்று. ஒன்பதில் நிறுத்தினால் அடுத்தது பத்து. திருத்தம் இருபதில் ஒன்று. இரண்டையும் சேர்த்தால் எண்பதில் ஒன்பது. நமக்கு வேண்டியதோ ஒன்பதில் ஒன்று, அதாவது எண்பத்தொன்றில் ஒன்பது. எண்பதுக்கும் எண்பத்தொன்றுக்கும் உள்ள வேற்றுமை எவ்வளவு சிறியது! அச்சிறு வேற்றுமையும் பொறாமல் திருத்தத்தை மேலும் திருத்தினார்கள். அதனை மீண்டும் ஒருமுறை திருத்தினார்கள்.

பயனைப் பாருங்கள். பத்து உறுப்புகளின் தொகையாகிய 3.0418 உடன் முதல் திருத்தத்தைச் சேர்த்தால் 3.1418. இரண்டாம் திருத்தத்தைச் சேர்த்தால் 3.141590. மூன்றாம் திருத்தத்தைச் சேர்த்தால் 3.1415927. திருத்தமின்றி வெறுமனே கூட்டி இதே நுட்பத்தை அடைய விரும்புவோர் ஏறத்தாழ இரண்டு கோடி உறுப்புகளைக் கூட்டவேண்டும். ஒரு நொடிக்கு ஓர் உறுப்பு வீதம் இரவும் பகலும் கூட்டினாலும் ஏழு மாதங்களுக்கு மேல் ஆகும். எச்சத்தை அறிந்தவருக்கோ பத்து உறுப்புகளே போதும்.

மாதவர் கூறியதாக வழங்கும் சுற்றளவு மதிப்பும் ஒன்று உண்டு. விட்டம் தொண்ணூறாயிரம் கோடியாயின் சுற்றளவு 28,27,43,33,88,233 என்பது அது. இவ்வெண்ணை இலக்கங்களால் எழுதாமல் சொற்களால் கூறியிருக்கிறார்கள். தேவர் என்றால் முப்பத்து மூன்று, கண் என்றால் இரண்டு, யானை என்றால் எட்டு, வேதம் என்றால் நான்கு என்று கொள்ளும் பழைய முறை அது. இன்று நாம் அறிந்த மதிப்போடு ஒப்பிட்டால், தொண்ணூறாயிரம் கோடி கல் விட்டமுள்ள வட்டத்தில் இக்கணக்கின் பிழை இரண்டு கல்லுக்குச் சற்றே மிகுதி. அவ்வளவே!

இவ்வுண்மைகளை நிறுவும் காரணங்கள் எம்மொழியில் எழுதப்பட்டன என்பது, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எம்மைத் தனியே ஈர்த்தது. சூத்திரங்கள் வடமொழிச் செய்யுட்களில் இருந்தன. நீலகண்டரின் தந்திரசங்கிரகம் 1500ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த வடமொழி நூல். ஆனால் ஜேஷ்டதேவர், ஏறத்தாழ 1530இல், சூத்திரங்களுக்குரிய காரணங்களை மலையாள உரைநடையில் எழுதினார். நூலின் பெயர் யுக்திபாஷை. யுக்தி என்பது காரணம். பாஷை என்பது மக்கள் பேசும் மொழி. சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வடமொழி போதுமாயிருந்தது. ஏன், எப்படி என்று கேட்கும் மாணவனுக்கு விடை கூற, அவன் வீட்டில் பேசும் மொழி வேண்டியிருந்தது போலும். நுண்ணிய கணிதத்தை நாட்டு மொழியிற் கூற இயலுமா என்று ஐயுறுவோர் இன்றும் உளர். அவர்களுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது.

இத்தகைய செல்வம் நெடுங்காலம் வெளியுலகுக்குத் தெரியாமலே இருந்தது. ஐரோப்பாவில் ஜேம்ஸ் கிரிகரி 1671ஆம் ஆண்டிலும், லைப்னிட்ஸ் அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும் இதே தொடரைத் தாமாகக் கண்டனர். உலகம் அவர்கள் பெயராலேயே அதனை அழைத்தது. கேரளத்திலிருந்து அவர்களுக்கு இது சென்று சேர்ந்தது என்று சிலர் கூறுவதுண்டு. அதற்குத் தக்க சான்று இல்லை. அவர்கள் பெருமையைக் குறைத்துத்தான் நம்மவர் பெருமையை நாட்டவேண்டும் என்பதும் இல்லை. மலபாரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த சார்லஸ் விஷ் என்பார், இக்கேரள நூல்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1834இல் இலண்டன் ராயல் ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. அதன் பிறகும் நூறாண்டுக் காலம் அதனைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1944இல் முகுந்த மாராரும் சி. டி. ராஜகோபாலும் எழுதிய கட்டுரை அதற்குப் புத்துயிர் தந்தது. யுக்திபாஷையின் கணிதப் பகுதி, 1948இல் திருச்சூரில், ராமவர்ம மரு தம்புரானும் அகிலேசுவர ஐயரும் எழுதிய மலையாள விளக்கத்தோடு அச்சேறியது. நூல் முழுவதும் ஆங்கில மொழிபெயர்ப்போடு 2008இல் வெளிவந்தது. காரணத்தை நாட்டு மொழியில் எழுதியவரின் நூல், பிற மொழியினர்க்குக் கிடைக்க ஐந்நூறு ஆண்டுகள் ஆயின. மொழிபெயர்ப்பாளர் செய்ய வேண்டிய பணி எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை இது எமக்கு உணர்த்துகிறது.

மாதவர் தொடங்கிய நெறியில் பிற்காலத்தில் வந்து உலகை வியக்க வைத்தவர், ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமாநுஜன். அவர் 1914இல் வெளியிட்ட தொடர் ஒன்றின் முதல் உறுப்பு மட்டுமே வட்ட விகிதத்தை ஆறு தசமத் தானங்கள் வரை சரியாகத் தருகிறது. அதன்பின் ஒவ்வொரு உறுப்பும் ஏறத்தாழ எட்டு இலக்கங்களைச் சேர்க்கிறது. 1985இல் பில் காஸ்பர் என்பார் கணிப்பொறியின் துணையால் இத்தொடரைக் கூட்டி ஒரு கோடியே எழுபத்தைந்து இலட்சம் இலக்கங்களைக் கண்டார். கூட்டியது பொறிதான்; ஆயினும் எச்சம் இவ்வளவு விரைவில் சுருங்கும் ஒரு தொடரைத் தேர்ந்து கொடுத்தது மனித அறிவே.

இவற்றையெல்லாம் ஒருவாறு விளங்கிக்கொண்ட பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எம் மகளை அழைத்தோம். "அன்று நீ கேட்டதற்கு நாங்கள் சொன்ன விடை சரியில்லை, அம்மா" என்று கூறினோம். அவள் வியப்போடு பார்த்தாள். நீண்ட காகித நாடா ஒன்றை எடுத்து, பாதியை வெட்டி ஒருபுறம் வைத்தோம். எஞ்சியதிற் பாதியை வெட்டி அதனருகில் வைத்தோம். மீண்டும் பாதி, மீண்டும் பாதி. ஏழாவது முறை கத்தரிக்கோல் காகிதத்தைப் பற்ற இயலாமல் வழுக்கிற்று. கையில் எஞ்சிய சிறு துணுக்கைக் காட்டி, "அடுக்கி வைத்தவை எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு?" என்று கேட்டோம்.

அவள் அடுக்கிய துண்டுகளைப் பார்க்கவில்லை. எம் கையிலிருந்த துணுக்கையே பார்த்தாள். "ஒன்றில் இந்தத் துணுக்கு மட்டும் குறைவு. நீங்கள் வெட்ட வெட்ட இது சிறியதாகும். அப்படியானால் யாரும் கூட்டி முடிக்க வேண்டியதில்லை, அப்பா. மிச்சத்தைப் பார்த்தால் போதும்" என்றாள். நீலகண்டர் எழுதியதை அவளுக்கு நாம் இன்னும் சொல்லவில்லை. பிறகுதான் சொன்னோம். அந்த ஊருக்கு ஒருமுறை போய்வரலாமா என்று கேட்டாள். அடுத்த விடுமுறையில் திரூர் வழியாகச் செல்வதாக வாக்களித்திருக்கிறோம்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மில் பலர் இல்லங்களில் குழந்தைகள் ஒரு மொழியிற் படித்து, இன்னொரு மொழியில் விளையாடி, மூன்றாவது மொழியில் நம்மிடம் கேள்வி கேட்கிறார்கள். அவர்கள் தமிழில் கேட்கும் வினாவுக்குத் தமிழிலேயே காரணம் கூற முயல்வோம். விடை உடனே தெரியாதபோது, தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம் என்று சொல்லிவிடுவதில் இழிவு ஒன்றும் இல்லை. சூத்திரம், மனப்பாடம் செய் என்று கூறி ஏட்டை மூடவைப்பதே தவறு. அத்தவற்றை ஒருமுறை செய்த நாம் இதனைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.